பதினோராவது நிமிடத்துக் கொசு

ஜூன் 2

அன்புள்ள கொசுவுக்கு,

நான் கடைசியாகக் கையால் எழுதிய கடிதம் எட்டாம் வகுப்பு லீவு லெட்டர். காய்ச்சல் என்று எழுதியிருந்தேன். அதுவும் பொய். அதற்குப் பிறகு இன்றுதான் பேனாவைத் திறக்கிறேன். எல்லாம் உன்னால்.

போன வாரம் உனக்கு நாலு தடவை போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. என் பழக்கம் உனக்குத் தெரியும். மூன்று தடவை மணி அடிக்கும், அதற்குள் எடுக்காவிட்டால் வைத்துவிடுவேன். நாலாவது மணிக்குக் காத்திருப்பது என் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது. ஐந்தாவது தடவை அண்ணி எடுத்தார். "போன் அடிச்சாலே அவ எழுந்து வெளிய போயிடுறா. நீ லெட்டர் போடு, படிப்பா" என்றார். லெட்டரா! போய்ச் சேரவே ஆறு நாள் ஆகும். மின்னஞ்சல் அனுப்பட்டுமா என்றேன். "அதுவும் டிங்குன்னு சத்தம் போடுதாம், வேணாங்கிறா." சரி, தபால் ஆபீஸ் எங்கே இருக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் விசாரித்தேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

விஷயத்துக்கு வருகிறேன், சுற்றி வளைக்க எனக்கு வராது. பிப்ரவரியில் மாதிரித் தேர்வு நடந்துகொண்டிருக்கும்போதே ஹாலை விட்டு எழுந்து ஓடினாயாம். அதன் பிறகு பள்ளிக்கே போகவில்லையாம், முழு ஆண்டுத் தேர்வையும் விட்டுவிட்டாயாம். இப்போது ஒரு பல் டாக்டரின் மாடியில் யாரோ ஒரு அம்மாவோடு உட்கார்ந்து மேளம் தட்டுகிறாயாம், பயம் போவதற்கு. ஒரு மெஷின் சூடாகிறது என்றால் எங்கே உரசுகிறது என்று திறந்து பார்க்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து மேளம் தட்டினால் சரியாகிவிடுமா?

அண்ணனிடம் கேட்டேன். "எனக்கென்னடா தெரியும்? அங்க போயிட்டு வர்ற அன்னிக்கு ரெண்டு வாய் கூட சாப்பிடுறா" என்றார். இது ஒரு பதிலா?

ஆகவே நீயே எழுது. அந்தப் பயம் எப்போது வருகிறது, எதனால் வருகிறது, மேளம் அதை என்னதான் செய்கிறது? அழகாக எழுத வேண்டாம். தெளிவாக எழுது.

அவசரத்தில்,
உன் சித்தப்பா

&nbsp;

ஜூன் 11

மதிப்பும் அவசரமும் மிகுந்த சித்தப்பாவுக்கு,

உங்கள் லீவு லெட்டர் கிடைத்தது. கையெழுத்தைப் படிக்க நானும் அப்பாவும் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தோம். "இவனையெல்லாம் எப்படி என்ஜினியர் ஆக்கினாங்க" என்றார் அப்பா. அம்மா வந்து ஒரே மூச்சில் படித்துக் காட்டினார். மருந்துக் கடையில் வேலை பார்ப்பவருக்கு இதெல்லாம் ஒரு கையெழுத்தா!

நீங்கள் கேட்டதைத் தெளிவாகச் சொல்கிறேன். அந்த ஹாலில் முந்நூறு பேர். மேற்பார்வையாளர் "ஆரம்பிக்கலாம்" என்றதும் அத்தனை பேரும் குனிந்துகொண்டார்கள். ஒரு சத்தம் இல்லை. அப்போது என் நெஞ்சு அடிப்பது எனக்குக் கேட்டது. முதலில் லேசாக. பிறகு பக்கத்து மேசைக்கும் கேட்டுவிடுமோ என்கிற அளவுக்கு. மூச்சு விட்டால் அதுவும் கேட்டது. செத்துவிடப் போகிறேன் என்று நினைத்தேன். மிகைப்படுத்தவில்லை சித்தப்பா, நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன். கணக்குத் தெரியாமல் ஓடினேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஐந்து கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டுத்தான் ஓடினேன்.

ஆக, எனக்கு உரசுகிற இடம் அமைதி. எல்லோரும் "அமைதியா இரு, அமைதியா இரு" என்கிறார்கள். எனக்கு அதுதான் வியாதியே! போனில்கூட மணி பயமில்லை. ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் நடுவில் ஒரு வெற்றிடம் வருகிறதே, அதுதான். லெட்டர் நல்லது. நான் படிக்கும்வரை மேசையில் சும்மா கிடக்கும்.

அடுத்தது மேளம். கீழே பல்லைக் குடைகிற மெஷின் கத்திக்கொண்டே இருக்கும், மேலே ஒரே அறையில் நாங்கள் ஆறு பேர். மின்விசிறியில் ஒரு இறக்கை வளைந்திருக்கிறது, சுற்றுக்கு ஒரு தடவை டக் என்கிறது. கீபோர்டில் இரண்டு கட்டைகள் பேசாது. நடத்துகிறவர் இசையால் சிகிச்சை செய்வதற்கென்றே படித்தவர், ஐம்பது வயது இருக்கும். டாக்டர் என்று கூப்பிடாதே, டீச்சர் என்றும் கூப்பிடாதே என்றார். டிரம் அக்கா என்று வைத்துவிட்டோம். ஆறடிக்கு மேல் ஒரு பையன் இருக்கிறான், அவன் பெயர் கம்பம். மூன்று மாதமாக ஒரு வார்த்தை பேசியதில்லை, கொட்டாவி விட்டால்கூடச் சத்தம் வராமல்தான் விடுவான். ஒருத்தி தொப்பியைக் கழற்றவே மாட்டாள். நான் அங்கே ரொம்ப சாதாரணம்.

முதல் நாள் டிரம் அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். பிறகு அதே வேகத்தில் மேளத்தைத் தட்டினார். "உன் நெஞ்சு இப்ப ஓடுற வேகம் இதுதான். ஓடட்டும், நானும் கூட வர்றேன்" என்றார். மெதுவாக்கு என்று சொல்லவே இல்லை. நானும் தட்டினேன். இரண்டு பேரும் ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்கள் மாதிரி தட்டினோம். ஐந்து நிமிடம் கழித்து அவர் கொஞ்சம் வேகத்தைக் குறைத்தார், எனக்குத் தெரியாமல். நானும் குறைத்தேன், அதுவும் எனக்குத் தெரியாமல். கடைசியில் நாடி பார்த்தால் நூற்றுப் பதினெட்டு எண்பத்திரண்டாகியிருந்தது. உங்களுக்கு எண் பிடிக்குமே என்று குறித்துக்கொண்டு வந்தேன்.

ஆகஸ்ட் இருபத்தெட்டில் மறுதேர்வு. அதே ஹால். எழுதாவிட்டால் என் வகுப்பு முழுக்க மேலே போய்விடும், நான் மட்டும் கீழே நிற்பேன். எழுதுவாயா என்று கேட்காதீர்கள். வீட்டில் இருவரும் கேட்காமல் இருக்கப் படுகிற பாடே பார்க்கச் சகிக்கவில்லை.

மெதுவாக,
உங்கள் கொசு

பி.கு. இப்போதெல்லாம் நான் ஙொய்ங் என்பதில்லை. பெயரை மாற்றிக்கொள்ளலாமா என்று யோசனை.

&nbsp;

ஜூன் 19

அன்புள்ள கொசுவுக்கு,

பெயரை மாற்ற அனுமதி இல்லை. வைத்தவன் நான். மூன்று வயதில் நீ சாப்பிடும்போது முனகுவாய், குளிக்கும்போது முனகுவாய், வாயை மூடிக்கொண்டு மூக்கால் ஒரே ஸ்வரத்தில் ஙொய்ங். நான் பரீட்சைக்குப் படிக்கும்போது வேண்டுமென்றே என் காதோரம் வந்து நிற்பாய். "அண்ணி, இந்தக் கொசுவைத் தூக்கிட்டுப் போங்க!" என்று ஒரு நாள் கத்தினேன். அதிலிருந்து வீடே அப்படிக் கூப்பிட ஆரம்பித்தது. எப்போது நிறுத்தினாய்? பிப்ரவரியிலா?

உன் கடிதம் தெளிவாக இருந்தது. டிரம் அக்கா செய்வது இப்போது எனக்குப் புரிகிறது. வேகமாக ஓடுகிற சக்கரத்தைப் பிடித்து நிறுத்தினால் பல் உடையும். முதலில் நம் சக்கரத்தை அதே வேகத்துக்குக் கொண்டுபோய், இரண்டையும் கோத்து, பிறகு சேர்த்தே இறக்க வேண்டும். அந்த அம்மா நல்ல என்ஜினியர். போன கடிதத்தில் எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். இதை எழுத எனக்குக் கை வலிக்கிறது, சந்தோஷப்பட்டுக்கொள்.

என் வேலை என்னவென்று நீ கேட்டதே இல்லை. பேச்சு, பேட்டி, வகுப்பு என்று யார் யாரோ பதிவு செய்து அனுப்புவார்கள். பின்னால் ஏசி உறுமும், நாற்காலி கிறீச்சிடும், எவனாவது இருமுவான். அதையெல்லாம் எடுத்துவிட்டுக் குரலை மட்டும் திருப்பிக் கொடுப்பேன். மூன்றாம் மாடியில் சன்னல் இல்லாத அறை, சுவர் முழுக்கச் சாம்பல் நிறப் பஞ்சு. கதவைச் சாத்தினால் உன் காதுக்குள் ரத்தம் ஓடுவது கேட்கும். நீ வந்துவிடாதே.

எங்களிடம் ஒரு விதி உண்டு. வேலை முடிந்ததும் மூலப் பதிவை அழித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் எது பழையது எது புதியது என்று குழம்பும். எடுத்த இரைச்சலை மட்டும் 'குப்பை' என்று பெயரிட்டு ஆபீஸ் கம்ப்யூட்டரில் மூன்று மாதம் வைத்திருப்போம். "என் குரலையும் சேத்து வெட்டிட்டியே" என்று யாராவது சண்டைக்கு வந்தால் போட்டுக் காட்ட. ஒரே ஒருவர்தான் வந்தார். அவர் பேசியதற்கும் குப்பைக்கும் எனக்கே வித்தியாசம் தெரியவில்லை.

உன் மேளத்தைப் பதிவு செய்திருக்கிறார்களா? இருந்தால் அனுப்பு. நூற்றுப் பதினெட்டு எப்படி இருக்கும் என்று கேட்க வேண்டும். சீக்கிரம்.

உன் சித்தப்பா

&nbsp;

ஜூலை 3

அன்பும் கைவலியும் மிகுந்த சித்தப்பாவுக்கு,

டிரம் அக்காவிடம் உங்கள் பல்சக்கரக் கதையைப் படித்துக் காட்டினேன். "உங்க சித்தப்பாவுக்கும் ஒரு தடவை நாடி பாக்கணும் போலிருக்கே" என்றார்.

மேளத்தைப் பதிவு செய்த மெமரி கார்டு இதோடு இருக்கிறது. பத்திரம். இதற்குப் பிரதி கிடையாது. தனியாக வாசித்ததைப் பதிவு செய்தால் டிரம் அக்கா தன்னிடம் வைத்துக்கொள்ள மாட்டார். கார்டைக் கழற்றி வாசித்தவர் கையிலேயே கொடுத்துவிடுவார். "இது உன்னோடது. யாருக்குக் காட்டணும்னு நீதான் முடிவு பண்ணணும்" என்பார். தொப்பிக்காரி தன்னுடையதைத் தொப்பிக்குள்ளேயே வைத்திருக்கிறாள். நான் அம்மாவுக்குக்கூடப் போட்டுக் காட்டவில்லை. உங்களுக்குத்தான் முதலில்.

பத்தொன்பது நிமிடம் ஓடும். பதினோராவது நிமிடத்தில் ஒன்று இருக்கிறது. என்ன என்று சொல்ல மாட்டேன். நீங்களே கேட்டுக் கண்டுபிடியுங்கள். டிரம் அக்கா அந்த இடத்தில் நிறுத்தி, என்னைப் பார்த்தார். நான் அழுதேன். நல்ல அழுகைதான், பயப்படாதீர்கள்.

மறுதேர்வு எழுதப் போகிறேன். முதலில் உங்களுக்குத்தான் சொல்கிறேன். அன்று காலையில் இந்தப் பதிவை முழுசாகக் கேட்டுவிட்டு, அது காதில் இருக்கும்போதே ஹாலுக்குள் போய்விடலாம் என்பது திட்டம். அதனால் கேட்டுவிட்டுச் சீக்கிரம் திருப்பி அனுப்பிவிடுங்கள். பார்த்தீர்களா, நானே சீக்கிரம் என்கிறேன். ரத்தம் ஒன்றுதானே.

உங்கள் கொசு (பெயர் மாற்றம் ஒத்திவைப்பு)

&nbsp;

ஜூலை 12

அன்புள்ள கொசுவுக்கு,

வேலை முடிந்தது! கார்டு இதோடு வருகிறது. கேட்டதும் நீ துள்ளிக் குதிக்கப் போகிறாய்.

உங்கள் அறை ஒரு பெரிய சந்தை. பல் மெஷின், மின்விசிறியின் டக், நாற்காலி, யாரோ புஸ் புஸ் என்று மூச்சு விடுவது. இவ்வளவுக்கும் நடுவில் ஒரு மனிதன் எப்படி மேளத்தைக் கேட்பது? முதல் இரண்டு நிமிடம் கேட்டதுமே என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துவிட்டது, மிச்சத்தை மெஷினிடம் கொடுத்துவிட்டேன். பதினோராவது நிமிடம் என்றாயே, அதைத் திரையில் பார்த்தே பிடித்துவிட்டேன். அடியில் மெல்லிசாக ஒரு கோடு, ஙொய்ங் என்று ஒரு கரண்ட் இரைச்சல். சரிதானே? கெட்டிக்காரி, உன் காதுக்கும் அது தெரிந்திருக்கிறது பார்! வேரோடு எடுத்துவிட்டேன். தாளமும் போகப்போகத் தள்ளாடியது, அதையும் நேராக்கிவிட்டேன். இப்போது முதலிலிருந்து கடைசிவரை ஒரே வேகம், கடிகாரம் தோற்றுவிடும்.

கார்டைத் துடைத்துப் புதியதை ஏற்றியிருக்கிறேன். பரீட்சை அன்று காலையில் இதைக் கேள். அடிக்கும் அடிக்கும் நடுவில் ஊசி விழுந்தால் கேட்கும், அவ்வளவு சுத்தம்.

பெருமையோடு,
உன் சித்தப்பா

&nbsp;

ஜூலை 21

சித்தப்பாவுக்கு,

கார்டு வந்தது. எல்லோரும் இருக்கும்போது நான்தான் போடச் சொன்னேன். "எங்க சித்தப்பா பெரிய ஆளு, கேளுங்க" என்று பீற்றிக்கொண்டேன்.

டும். ஒன்றுமில்லை. டும். ஒன்றுமில்லை. ஒவ்வொரு அடிக்கும் நடுவில் அந்த ஹால் இருந்தது. முந்நூறு பேரும் குனிந்துகொண்டிருந்தார்கள். ஊசி விழுந்தால் கேட்கும் என்றீர்களே, என் நெஞ்சு கேட்டது. நான் படியிறங்கி ஓடிவிட்டேன். பல் டாக்டரின் வரவேற்பில் இருக்கிற அக்கா வாய் கொப்பளிக்கிற சின்னக் கப்பில் ஒன்பது தடவை தண்ணீர் கொடுத்தார். உள்ளே பல் பிடுங்க உட்கார்ந்திருந்தவர் எட்டிப் பார்த்து, அவருக்கு வலிப்பதை மறந்துவிட்டு என்னைப் பார்த்துப் பாவப்பட்டார்.

நீங்கள் எடுத்தது கரண்ட் இல்லை. நான்.

பிப்ரவரிக்குப் பிறகு முதல் தடவை. முனகுகிறேன் என்று தட்டும்போது எனக்கே தெரியாது. டிரம் அக்கா பதிவைப் போட்டு, பதினோராவது நிமிடத்தில் நிறுத்தி, "இது யாரு?" என்றார். புஸ் புஸ் என்று மூச்சு விட்டதும் நான்தான். தாளம் தள்ளாடவில்லை, இறங்கியது. அந்த இறக்கத்துக்குத்தான் நான் நாலு மாதம் மாடி ஏறினேன்.

கேட்டதும் கண்டுபிடித்துவிடுவீர்கள் என்று நினைத்தேன். அந்தச் சத்தத்துக்குப் பெயர் வைத்ததே நீங்கள்தானே.

மறுதேர்வு எழுதப் போவதில்லை. அப்பாவிடம் சொல்லிவிட்டேன். எனக்கு எழுதவும் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகள்

&nbsp;

ஜூலை 28

கொசு,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். பதில் வேண்டாம்.

தப்பு என்னுடையது. மெஷின் மேல் போட மாட்டேன். பத்தொன்பது நிமிடம் கேட்டுக் கண்டுபிடி என்று சொல்லி அனுப்பினாய். நான் இரண்டு நிமிடம் கேட்டேன். மிச்சம் பதினேழு நிமிடம் உட்கார எனக்குப் பொறுமை இல்லை. இதுதான் நடந்தது, இதைவிட நல்ல காரணம் என்னிடம் இல்லை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கரண்ட் இரைச்சல் ஒரே கோடாகப் போகும், ஆடாது. உன் கோடு ஆடியது. திரையில் அதைப் பார்த்தேன். இந்தத் தொழிலில் சேர்ந்த முதல் வாரமே எனக்குச் சொல்லிக்கொடுத்த விஷயம் அது.

துடைத்ததைத் திரும்ப எடுக்க நேற்று முழுக்கப் பார்த்தேன். வரவில்லை. கார்டு உன்னிடம் இருக்கிறது, அதன் மேலேயே நான் புதியதை எழுதிவிட்டேன், என் பக்கம் இருந்த மூலத்தையும் விதிப்படி அழித்துவிட்டேன். எங்கள் மேலதிகாரி என்னை ஆபீஸிலேயே சுத்தமான ஆள் என்று சொல்லுவார். அந்தச் சுத்தத்தைத் தூக்கிக் குப்பையில் போட வேண்டும் என்று இருக்கிறது.

பரீட்சையை எனக்காக விடாதே. என் மேல் கோபம் இருந்தால் என் மேல் வைத்துக்கொள், அதற்கு நான் இருக்கிறேன். நான் செய்ததற்கு ஹால் என்ன செய்யும்?

சித்தப்பா

&nbsp;

ஆகஸ்ட் 6

கொசு,

நீ பதில் போடவில்லை. சரி.

இன்று ஆபீஸில் ஒருவர் சண்டைக்கு வந்தார். சொற்பொழிவாளர். "நடுவுல நான் சிரிச்சேன் சார், அந்தச் சிரிப்பக் காணோம். சபையே சிரிச்சுது சார்!" என்று மேசையைத் தட்டினார். நான் விதிப்படி குப்பையைத் திறந்து அவருடையதைத் தேடினேன். வரிசையில் அவருக்கு மேலே உன் தேதி இருந்தது.

கை பழக்கத்தில் உன் குப்பையையும் வைத்திருக்கிறேன், கொசு. தாளத்தை நேராக்குவதற்கு முன்னாலேயே, மூலத்திலிருந்து எடுத்தது. மூன்று வாரமாக அங்கேயே கிடந்திருக்கிறது. அவ்வளவு மூளை எனக்கு.

சொற்பொழிவாளரின் சிரிப்பைத் திருப்பிக் கொடுத்து அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். பத்தொன்பது நிமிடம். ஓட்டிப் பார்க்கவில்லை, வேகம் கூட்டவில்லை. நீ நம்ப மாட்டாய், கடிகாரத்தையும் பார்க்கவில்லை.

மேளம் கிட்டத்தட்ட இல்லை. பக்கத்துத் தெருவில் யாரோ கதவைத் தட்டுவது போல ஒரு நிழல் மட்டும் இருக்கிறது. அதைத் தவிர எல்லாம் இருக்கிறது. ஃபேன் டக் டக் என்கிறது. கீழே எவனுக்கோ பல் போகிறது. உன் நாற்காலி கிறீச்சிடுகிறது. உன் மூச்சு முதலில் நாய் இரைக்கிற மாதிரி ஓடுகிறது, ஆறாவது நிமிடத்தில் ஒரு பெருமூச்சு, அப்புறம் நடக்க ஆரம்பிக்கிறது. எட்டில் டிரம் அக்கா "ம்" என்கிறார். பதினொன்றில் நீ வந்தாய். மூன்று வயதில் வந்த அதே ஸ்வரம், கொஞ்சம் கீழே. என் காதோரம் வந்து நின்றாய். நான் எழுந்து கதவைத் திறந்து வைத்தேன். அந்த அறையில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறேன், அங்கே எவ்வளவு அமைதி என்று இன்றுதான் எனக்கே பயமாக இருந்தது.

புதுக் கார்டில் அதை மட்டும் ஏற்றியிருக்கிறேன். ஒரு இடத்தில்கூடக் கை வைக்கவில்லை. ஆபீஸில் இருந்ததை எடுத்துவிட்டேன், பிரதி என்னிடம் இல்லை. உன்னுடையது, உன் கையில்.

சித்தப்பா

&nbsp;

செப்டம்பர் 1

அன்பும் குப்பையும் மிகுந்த சித்தப்பாவுக்கு,

பதில் வரவில்லை என்று எத்தனை தடவை தபால் பெட்டியைத் திறந்து பார்த்தீர்கள்? "ஒரு நாளைக்கு ரெண்டு வாட்டி பாக்கிறானாம்" என்று அப்பா சொன்னார். நல்லது. நீங்கள் காத்திருந்து யாரும் பார்த்ததில்லை.

கார்டு பன்னிரண்டாம் தேதி வந்தது. ஜியோமெட்ரி பாக்ஸில் போட்டு மூடிவிட்டேன். இரண்டு நாள் காம்பஸை எடுக்கக்கூடத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் மாடிக்குப் போனால் அறையில் ஏதோ சரியில்லை. எல்லோரும் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். என்ன என்றால், பல் டாக்டர் ஆள் விட்டு எங்கள் மின்விசிறியைச் சரி செய்துவிட்டாராம்! டக் இல்லை. தொப்பிக்காரி "இது நம்ம ரூமே இல்ல" என்று கிளம்பத் தயாராகிவிட்டாள். நான் கார்டை எடுத்துக் கொடுத்தேன். "இதுல ஃபேன் இருக்கு" என்றேன்.

போட்டதும் முதலில் டக். எல்லோரும் "ஏய், நம்ம ஃபேன்!" என்று கத்தினார்கள். அப்புறம் பல் மெஷின். அப்புறம் நான் புஸ் புஸ் என்று ஓடுகிறேன். யாரும் சிரிக்கவில்லை, எல்லோருக்கும் அந்த ஓட்டம் தெரியும். பதினோராவது நிமிடத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். லேசாகத்தான் கேட்டது. அப்போது என் தலைக்கு மேலிருந்து ஒரு குரல்.

"சத்தமா வை."

கம்பம்! ஐந்து மாதத்தில் முதல் வார்த்தை. குரல் எவ்வளவு தடி தெரியுமா? டிரம் அக்கா சத்தத்தைக் கூட்டுவதற்குப் பதிலாகக் கையைத் தூக்கி அப்படியே நின்றுவிட்டார். "அக்கா, சத்தமா வைங்கிறான்ல!" என்று தொப்பிக்காரிதான் போய்க் கூட்டினாள்.

நீங்கள் மேளத்தை எடுத்துவிட்டது ஒரு வகையில் நல்லதாய்ப் போயிற்று. மேளம் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்ததா, நாங்கள் ஆறு பேரும் அதில் உட்கார்ந்துகொண்டோம். கார்டில் என் மூச்சு ஓடும்போது ஓடினோம், இறங்கும்போது இறங்கினோம். அதற்குப் பிறகு எல்லா வகுப்பிலும் உங்கள் குப்பைதான் எங்கள் ஏழாவது ஆள். ஒரு நாள் டிரம் அக்கா, "ஹாலுக்குள்ள கார்டு வராது. கொசு வருமில்ல?" என்றார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அப்பாவிடம் ஹால் டிக்கெட் எங்கே என்று கேட்டேன். அவர் கிழித்துவிட்டேன் என்றார். என் முகம் போன போக்கைப் பார்த்து, சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். உங்கள் அண்ணன்தானே.

இருபத்தெட்டாம் தேதி. அதே ஹால், அதே முந்நூறு பேர் குனிந்தார்கள், அதே மாதிரி நெஞ்சு ஆரம்பித்தது. ஓடட்டும், நானும் கூட வருகிறேன் என்று மேசைக்கு அடியில் தொடையில் இரண்டு விரலால் தட்டினேன். முதல் கேள்விக்கு நூற்றுப் பதினெட்டு இருக்கும். மூன்றாவது கேள்வியில் தட்டுவதை மறந்துவிட்டேன். வட்டத்துக்குத் தொடுகோடு போட்டுக்கொண்டிருந்தபோது முன்னால் இருந்த பெண் தன் கழுத்தில் பட்டென்று அடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் ஒன்று போட்டாள். பக்கத்து வரிசைப் பையன் காதை உதறினான். மேற்பார்வையாளர் மேலே பார்த்தார், விளக்கைப் பார்த்தார், கடைசியில், "அந்த ஜன்னலைச் சாத்துங்கப்பா, பட்டப்பகல்ல கொசு வருது" என்றார்.

அப்போதுதான் எனக்கே தெரிந்தது, நான்தான் என்று.

சிரிப்பை அடக்க முடியாமல் பேனாவைக் கீழே போட்டுவிட்டு, அதை எடுக்கிற சாக்கில் மேசைக்கு அடியில் குனிந்து சிரித்துவிட்டு வந்தேன். எல்லாக் கேள்வியும் எழுதினேன். மணி அடித்தபோது நான்தான் கடைசியாக எழுந்தேன். ரிசல்ட் வர மூன்று வாரம். இப்போதே கேட்காதீர்கள்.

கோபம் போய்விட்டதா என்று கேட்பீர்கள். நீங்கள் பத்தொன்பது நிமிடம் உட்கார்ந்தீர்கள் என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரியை அப்பாவிடம் காட்டினேன். அவர் நம்பவில்லை. நான் நம்பினேன்.

இன்னொரு விஷயம். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எனக்குப் போன் செய்யுங்கள். அம்மா எடுக்க மாட்டார், சொல்லி வைத்திருக்கிறேன். மூன்றாவது மணியோடு வைத்துவிடாதீர்கள். நடுவில் வருகிற வெற்றிடத்தில் நான் கொஞ்சம் முனகிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும்.

ஐந்தாவதில் எடுத்துவிடுவேன்.

உங்கள்
கொசு